குழிந்த சிங்கங்கள்

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதமும் ஒரு ரூபாய் நாணயத்தின் இருபுறப் படங்களும் செவ்வாயன்று வந்து சேர்ந்தன. ஒருபுறம் சிங்கங்கள் வழக்கம்போல் புடைத்தும், மறுபுறம் அதே சிங்கங்கள் குழிந்து, கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறியும் இருப்பதால் இது பிராக்கேஜ் என்னும் அச்சடிப்புப் பிழைதானே என்று கேட்டிருக்கிறாய். எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது. காரணத்தையும் எழுதிவிடுகிறேன்.

பிராக்கேஜ் உண்டாகும் விதத்தை ஒருமுறை மனத்தில் ஓட்டிப் பார். நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில் நாணயம் அடிக்கும் இயந்திரத்தில், அடித்து முடிந்த ஒன்று வெளியேறாமல் மதிப்பைப் பொறிக்கும் அச்சிலேயே ஒட்டிக்கொள்கிறது என்று வை. அடுத்து வரும் வெற்று வில்லையின் ஒருபுறத்தில் சிங்க அச்சு முறையாகப் பதிகிறது; மறுபுறத்தில் அச்சுக்குப் பதிலாக ஒட்டிய நாணயத்தின் சிங்க முகமே அழுந்தி, குழிவாகவும் எதிர்மறையாகவும் பதிகிறது. முதல் அடியில் அது துல்லியமாக இருக்கும்; ஒட்டிய நாணயம் அடிபட்டுத் தட்டையாகிக்கொண்டே போவதால், பின்வரும் வில்லைகளில் உருவம் விரிந்து மங்கும். எப்படியானாலும் அந்த வில்லை மதிப்பு அச்சைத் தொடவே இல்லை. ஆகையால் மதிப்பும் ஆண்டும் அதில் இருக்க வழியே கிடையாது.

நீ அனுப்பிய இரண்டாம் படத்தைச் சாய்த்துப் பார்த்தபோது, குழிந்த சிங்கங்களுக்கு அடியில் நசுங்கிய தானியக் கதிர் ஒன்றும், 1 என்ற எண்ணின் தண்டும் நிழல்போல் தெரிந்தன. நல்ல நாணயம் ஒன்றின் மதிப்புப் பக்கத்தின்மேல் இன்னொன்றின் சிங்கப் பக்கத்தை வைத்துப் பட்டறையில் அழுத்தினால் இப்படித்தான் வரும். அப்படியானால் புடைத்த பக்கத்திலும் சிங்கங்களின் மேடான இடங்கள் சற்றே மழுங்கியிருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் அதையும் பார்த்துவிடு. 1992 முதல் வந்த இந்த எஃகு ரூபாயின் எடை 4.85 கிராம், காந்தத்திலும் ஒட்டும். ஆனால் அழுத்தித் தயாரித்த போலியும் இவ்விரண்டு சோதனைகளிலும் தேறிவிடும் என்பதால், அவற்றை மட்டும் நம்பாதே.

நானும் ஏமாந்தவன்தான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கண்காட்சியில், ஓரத்தில் பிறை வடிவில் வெட்டுண்ட நாணயம் ஒன்றை ஆசைப்பட்டு வாங்கினேன். உலோகத் தகட்டிலிருந்து வில்லையை வெட்டும்போது தகடு போதிய அளவு நகராவிட்டால், முன்பு வெட்டிய துளையின்மேல் அடுத்த வெட்டு ஏறி, இத்தகைய பிறை உண்டாகும். பிறகு வில்லையைச் சுற்றி விளிம்பு எழுப்பும்போது, வெட்டுண்ட இடத்தில் அழுத்தம் கிடைக்காததால் அதற்கு நேர் எதிரிலும் விளிம்பு நலிந்துபோவது வழக்கம். என்னுடையதிலோ எதிர் விளிம்பு கட்டுக்குலையாமல் நின்றது. அரத்தால் தேய்த்த கோடுகளும் இருந்தன. வீட்டில் இன்றும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

இதை உனக்கு விற்பவர் மாதக் கடைசிவரை அவகாசம் கொடுத்திருப்பதால் அவசரப்பட வேண்டாம். பக்கவாட்டு வெளிச்சத்தில் இன்னும் இரண்டு படங்கள் எடுத்து அனுப்பு. அதுவரை பளபளப்பாக்குகிறேன் என்று புளியைப் போட்டுத் தேய்த்துவிடாதே. விற்பவருக்குத் திருப்பித் தர வேண்டிய பொருள் அது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்