மர அச்சு என்று சொல்லி அனுப்பப்பட்ட கொக்குப் படம் குறித்து

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: தவறான விவரம் தந்து விற்ற சுவர்ப்படத்துக்கு முழுத் தொகையும் திருப்பித் தரக் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

சென்ற மாதம் உங்கள் இணையக் கடையில் 18,500 ரூபாய் செலுத்தி ஜப்பானிய ஓவியர் ஒஹாரா கோசோனின் மழைக் கொக்குப் படம் ஒன்றை வாங்கினேன். "கையால் செதுக்கிய செர்ரி மரக்கட்டைகளைக் கொண்டு ஜப்பானியக் கைத்தாளில் அச்சிடப்பட்டது" என்று உங்கள் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். வந்து சேர்ந்தது இயந்திரத்தில் அச்சான ஒரு தாள். நான் 27 ஆண்டுகள் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்தவன். மாணவர்களுக்கு லினோலியம் தகட்டில் படம் செதுக்கவும் அச்செடுக்கவும் கற்றுக்கொடுத்தவன். இதை அவசரத்தில் சொல்லவில்லை.

இந்தப் படம் என் மனைவிக்கான மணநாள் பரிசு. பறவை பார்ப்பதில் அவருக்கு மிகுந்த ஈடுபாடு. உறையைப் பிரிக்கும் முன் நான்தான் அவரிடம், "தாளைச் சன்னலோரம் சாய்த்துப் பிடித்துப் பார், கொக்கின் இறகு தாளிலேயே புடைத்துத் தெரியும்" என்றேன். ஜப்பானிய அச்சுக்காரர்கள் வெள்ளைப் பறவைகளுக்குச் செய்கிற வேலை அது. மை தடவாத கட்டையின் மேல் தாளை வைத்து அழுத்தித் தேய்ப்பார்கள். வண்ணமே இல்லாமல் இறகின் வரிகள் மேடும் பள்ளமுமாகப் பதியும். கராசுரி என்று அதற்குப் பெயர். அவர் தாளை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்துவிட்டு, "ஒன்றும் தெரியவில்லையே, வழவழவென்று இருக்கிறது" என்றார். அந்த நேரத்தில் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கொக்கின் அலகில், சாம்பல் நிற வானத்தில், ஓவியரின் சிவப்பு முத்திரையில்கூட, ஆஃப்செட் என்ற இயந்திர அச்சின் நுண்புள்ளிகள் வரிசையாக இருக்கின்றன. மரக்கட்டை அச்சில் புள்ளி வராது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கட்டை செதுக்கி, நீரில் கரைத்த வண்ணத்தோடு சிறிது அரிசிப் பசை சேர்த்துத் தூரிகையால் தடவி, தாளை மேலே வைத்து, மூங்கில் உறை போர்த்திய பாரென் என்ற வட்டத் தேய்ப்பானால் கையால் தேய்த்து எடுப்பார்கள். வண்ணம் தாளின் நாருக்குள் இறங்கும். அதனால் தாளைத் திருப்பினால் பின்புறத்திலும் படத்தின் நிழல் தெரியும், தேய்த்த தடமும் பல நேரம் தெரியும். நீங்கள் அனுப்பிய தாளின் பின்புறம் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. ஜப்பானியக் கைத்தாள் கோசோ என்ற செடியின் பட்டை நாரிலிருந்து செய்யப்படுவது. உங்கள் தாளில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாலும் ஒரு நார்கூடக் கண்ணில் படவில்லை.

கோசோன் காலத்து மூலப் பிரதியை இந்த விலைக்கு நான் எதிர்பார்க்கவில்லை. அவர் 1877இல் கனசாவாவில் பிறந்து 1945இல் மறைந்தவர். 1926 முதல் ஷோசோன் என்ற பெயரில் அவர் வரைய, தோக்கியோவின் பதிப்பாளர் வாதனாபே ஷோசாபுரோ வெளியிட்ட அச்சுகள் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. ஆனால் பழைய படங்களைப் புதிதாகக் கட்டையில் செதுக்கி அச்சிடும் வழக்கம் ஜப்பானில் இன்றும் உண்டு. நான் வாங்க நினைத்தது அப்படிப்பட்ட ஒன்றை. உங்கள் விளம்பரமும் அதைத்தான் சொன்னது.

புகார் அளித்தபோது உங்கள் ஊழியர், "மர அச்சுப் பாணி என்ற பொருளில்தான் எழுதினோம்" என்று பதில் அனுப்பி, அடுத்த கொள்முதலில் 10 சதவீதத் தள்ளுபடி தருவதாகவும் சொன்னார். நான் வாங்கிய நாளில் உங்கள் பக்கத்தில் "பாணி" என்ற சொல் எங்கும் இல்லை. அந்தப் பக்கத்தின் படத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

நகல் விற்பதை நான் குறை சொல்லவில்லை. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் அருங்காட்சியகம் தன்னிடமுள்ள கோசோன் அச்சுகளின் உயர்தரப் படங்களை இணையத்தில் இலவசமாகவே தருகிறது. யார் வேண்டுமானாலும் அச்சிட்டுச் சுவரில் மாட்டலாம். நல்ல நகல் என்று சொல்லி 600 ரூபாய்க்கு விற்றிருந்தால் மகிழ்ச்சியோடு வாங்கியிருப்பேன். இந்தப் படங்களில் ஓவியரின் பங்கு ஒரு பகுதிதான். மயிரிழை போன்ற இறகுக் கோட்டைச் சுற்றியுள்ள மரத்தைச் செதுக்கி எடுத்தவர் வேறொருவர். மழை வானத்தை மேலே கருமையாகவும் கீழே வெளிறியும் தேய்த்து எடுத்தவர் இன்னொருவர். அவர்கள் கைவேலைக்கு உரிய விலையை, அந்த வேலை நடக்கவே நடக்காத தாளுக்கு நீங்கள் வாங்கியிருக்கிறீர்கள். எனக்குப் பணம் போனதைவிட இதுவே பெரிய வருத்தம்.

படத்தைப் பிரேம் போடவில்லை. வந்த உருளையிலேயே பத்திரமாக வைத்திருக்கிறேன். உங்கள் செலவில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, 18,500 ரூபாயையும் அனுப்புகைக் கட்டணத்தையும் 15 நாட்களுக்குள் என் வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டும். தள்ளுபடிக் கூப்பன் வேண்டாம். உங்கள் பக்கத்தில் இதே விவரத்தோடு காகமும் வாத்தும் மீன்கொத்தியும் இன்னும் விற்பனையில் இருக்கின்றன. அவற்றின் விவரத்தைத் திருத்துங்கள். முன்பு வாங்கியவர்களுக்கும் உண்மையைத் தெரிவியுங்கள். 15 நாட்களில் பதில் வராவிட்டால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடுவேன்.

இணைப்பு: ரசீது நகல், விளம்பரப் பக்கத்தின் படம், லென்ஸ் வழியே எடுத்த நான்கு படங்கள், தாளின் பின்புறப் படம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்