பி.எம்.டபிள்யூ வாங்கப் போகும் மகளுக்கு

அன்புள்ள கண்ணு,

நீ வாங்க நினைக்கிற பழைய பி.எம்.டபிள்யூ காரின் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாயே, அம்மாவும் நானும் பெரிதாக்கிப் பார்த்தோம். அம்மா கலரைப் பார்த்தாள். நான் முன் பம்பருக்கும் ஃபெண்டருக்கும் (முன் சக்கரத்துக்கு மேலுள்ள தகடு) நடுவே இருக்கும் இடைவெளியைப் பார்த்தேன். காலமெல்லாம் அடிபட்ட கார்களின் சேதத்தை மதிப்பிடும் இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்தவனுக்கு ரிட்டயர் ஆனாலும் அந்தப் புத்தி போகாது. வலது பக்க இடைவெளி கொஞ்சம் அகலமாகத் தெரிகிறது, எங்காவது இடித்திருக்குமோ என்று சந்தேகம். படம் எடுத்த கோணமாகவும் இருக்கலாம், நேரில் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். வாங்கு என்றுதான் சொல்கிறேன், பயப்படாதே. உன் சம்பளம், உன் ஆசை. ஸ்விஃப்டை இத்தனை வருஷம் கீறல் இல்லாமல் ஓட்டியிருக்கிறாய். ஆனால் கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டு வாங்கு.

ஊர்ப் பேச்சை முதலில் முடித்துவிடுவோம். பெரியப்பாவிடம் விஷயம் போய்விட்டது. நம் ஊரில் காரைப் பார்த்து ஆளுக்கு ஜாதகம் எழுதிவிடுவார்கள். வெள்ளை ஃபார்ச்சூனர் என்றால் கட்சிக்காரர், இன்னோவா என்றால் கல்யாண வீடு, பென்ஸ் என்றால் மில் முதலாளி, ஆடி என்றால் சினிமாக்காரர். பி.எம்.டபிள்யூ என்றால் அப்பன் சேர்த்ததை அழிக்கிற பையன். இந்த ஜாதகத்தில் சொந்தச் சம்பளத்தில் வாங்கி, தானே ஓட்டிக்கொண்டு வருகிற பெண்ணுக்குக் கட்டமே இல்லை. ஆகவே "மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்தாரா?" என்று கேட்பார்கள், இல்லாவிட்டால் "கம்பெனி காரா?" என்பார்கள். நீ பாட்டுக்குச் சிரித்துவிட்டுப் போ.

பி.எம்.டபிள்யூக்காரர்கள் என்றாலே இண்டிகேட்டர் போடாத கூட்டம், பின்னால் வந்து ஹெட்லைட்டை அடித்து வழி கேட்கிற கூட்டம் என்று பேர் உண்டு. மாப்பிள்ளை இதைக் கிண்டலாக எனக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தார். ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்துக்காரர்கள் பின்லாந்தில் 1,892 கார்க்காரர்களிடம் கேள்வி கேட்டு 2020-இல் வெளியிட்ட ஆய்வு அது. பிடிவாதமும் வாக்குவாதமும் உள்ள, யாருக்கும் விட்டுக்கொடுக்காத ஆண்களிடம் ஆடி, பி.எம்.டபிள்யூ, பென்ஸ் இருப்பது அதிகமாம். அவர் அனுப்பாமல் விட்ட பாதி ஒன்று உண்டு. ஒழுங்கும் பொறுப்பும் உள்ளவர்களும், ஆணோ பெண்ணோ, இந்தக் கார்களை அதிகம் வைத்திருக்கிறார்களாம். உன்னிடம் இரண்டு குணமும் இருப்பதால் ஆய்வு எப்படிப் போனாலும் நீ அதில் மாட்டிக்கொள்வாய்! என் ஃபைல்களில் நான் கண்டதைக் கேட்டால், மோதுகிறவன் எந்த காரிலும் மோதுகிறான். பில்தான் மாறுகிறது.

"ஃபாரின் கார்" என்று சொல்பவர்களுக்கு ஒரு பதில் வைத்துக்கொள். 2007-இலிருந்து பி.எம்.டபிள்யூ கம்பெனிக்குச் செங்கல்பட்டுப் பக்கம் மகிந்திரா சிட்டியில் தொழிற்சாலை இருக்கிறது. உன் ஆபீஸ் இருக்கிற அதே மகிந்திரா சிட்டிதான். பாகங்கள் பல வெளியிலிருந்து வந்தாலும் நீ பார்த்து வைத்திருக்கிற இந்த 3 சீரீஸ் அங்கே பூட்டியதுதான். பென்ஸ்காரர்கள் 1995-இலேயே புனேயில் தொடங்கிவிட்டார்கள். அதற்கு முன்னால் இறக்குமதி வரி கட்டித்தான் பென்ஸ் வர வேண்டும், ஊருக்கு இரண்டு பேர் வைத்திருந்தார்கள். பெரியப்பாவின் ஜாதகம் அந்தக் காலத்தது.

பேச்சுக்குக் காசு ஆகாது, ஆனால் பேச்சால் ஆகிற செலவு ஒன்று உண்டு. நீ அந்தக் காரில் போய் இறங்கும் கல்யாணத்தில் மொய்க் கவரை எல்லோரும் ஒருமுறை தடவிப் பார்ப்பார்கள். பாத்ரூம் டைல்ஸ் மாற்ற வருகிற மேஸ்திரி, வாசலில் காரைப் பார்த்துவிட்டுத்தான் ரேட் சொல்வார். சென்னையில் உனக்கு இது சரிப்பட்டு வரும். இங்கே வரும்போது மேஸ்திரியிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அப்புறம், இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

2021 மாடல் புதிதாக வந்தபோது ஷோரூம் விலையே ஏறக்குறைய ஐம்பது லட்சம். உனக்கு முப்பதுக்குள் கிடைக்கிறது என்றால் ஆசை வரத்தான் செய்யும். ஆனால் கார்தான் முப்பது லட்சமாக இறங்கியிருக்கிறது. அதன் ஹெட்லைட் இன்னும் ஐம்பது லட்ச ரூபாய்க் காரின் ஹெட்லைட். உதிரிபாகத்துக்கு வயசு கிடையாது கண்ணு. வருஷம் ஏற ஏற கார் விலை இறங்கும், பார்ட்ஸ் விலை ஏறிக்கொண்டே போகும். பழைய பிரீமியம் கார் வாங்குகிறவர்கள் தடுமாறும் இடம் இது ஒன்றுதான்.

அந்த ஹெட்லைட்டையே எடுத்துக்கொள். பின்பக்கம் பாடியோடு பிடித்து நிற்க பிளாஸ்டிக் காதுகள் இருக்கும். லேசாக ஒரு டூ-வீலர் உரசினால் கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாது, ஒரு காது உடையும். ஸ்விஃப்டாக இருந்தால் டிங்கர் அதைச் சூடு வைத்து ஒட்டிவிடுவான், பம்பருக்குப் பட்டி பார்த்து பெயின்ட் அடித்தால் வேலை முடிந்தது. இங்கே எல்.இ.டி., கன்ட்ரோல் யூனிட் எல்லாம் சேர்ந்து ஒரே பெட்டி. சர்வீஸ் சென்டரில் காதை ஒட்டித் தர மாட்டார்கள், முழு யூனிட்டையும் மாற்று என்பார்கள். அது ஒன்றே லட்சத்தைத் தாண்டும். பம்பருக்குள் இருக்கும் சென்சார்கள் தனி.

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்பாய். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதிதான் கிடைக்கும். இரும்புப் பாகங்களுக்குக் காரின் வயசைப் பார்த்துக் கழிப்பார்கள், ஐந்து வருஷம் தாண்டினால் 40 சதவீதம் போய்விடும். கண்ணாடிக்கு மட்டும் கழிவு இல்லை. இந்தக் காலத்துக் காரின் முகம் முழுக்கப் பிளாஸ்டிக். இதைச் சரிக்கட்டத்தான் இந்தக் கழிவு இல்லாத ஜீரோ டிப்ரிசியேஷன் (ஜீரோ டிப்) என்று கூடுதல் பிரீமியத்துக்குத் தருகிறார்கள். ஆனால் பல கம்பெனிகள் ஐந்து வருஷத்துக்கு மேல் அதைத் தருவதில்லை, சிலர் ஏழு வரை தருவார்கள். உன் கார் சரியாக அந்த எல்லையில் நிற்கிறது. விலை பேசுவதற்கு முன்னாலேயே வண்டி நம்பரைக் கொடுத்து, ஜீரோ டிப் கிடைக்குமா என்று கேட்டுவிடு. கிடைக்காது என்றால் அந்த அளவுக்கு விலையைக் குறைத்துக் கேள்.

உன் கையில் ஒரு பொக்கிஷம் இருக்கிறது, உனக்கே தெரியாது. ஸ்விஃப்டில் கிளெய்மே போடாமல் சேர்த்த நோ கிளெய்ம் போனஸ். அது காருக்குச் சொந்தமில்லை, உனக்குச் சொந்தம். ஐந்து வருஷம் கிளெய்ம் இல்லையென்றால் 50 சதவீதம். ஸ்விஃப்டை விற்றதும் பாலிசி கம்பெனியில் போனஸ் சான்றிதழ் வாங்கிக்கொண்டால் மூன்று வருஷத்துக்குள் அதைப் புதுக் காருக்குக் கொண்டுபோகலாம். ஓன் டேமேஜ், அதாவது நம் கார் சேதத்துக்கான பிரீமியத்தில் பாதி குறையும். சின்னக் காரில் அது சில ஆயிரம்தான், இதில் நல்ல தொகை. நம் காரால் அடிபடும் மற்றவர்களுக்கான தேர்டு பார்ட்டி பிரீமியத்துக்கு மட்டும் இது செல்லாது. 2022-இல் அறிவித்த கட்டணப்படி வருஷத்துக்கு ஸ்விஃப்டுக்கு 3,416 ரூபாய், 1,500 சி.சி.க்கு மேற்பட்ட இதற்கு 7,897.

விற்பவர் "பாலிசி இன்னும் பல மாசம் இருக்கு மேடம்" என்பார். பேர் மாற்றாத பாலிசியில் உன் கார் சேதத்துக்கு ஒரு பைசா வராது. கை மாறிய 14 நாளுக்குள் எழுதிக் கொடுத்து மாற்ற வேண்டும். அவருடைய போனஸும் உனக்கு வராது. ஆனாலும் அந்தப் பாலிசி நகலைக் கேட்டு வாங்கு. போனஸ் கட்டத்தில் சைபர் என்று இருந்தால், பெரும்பாலும் அதற்கு முந்தின வருஷம் கிளெய்ம் போட்டிருக்கிறார் என்று அர்த்தம். நான் சந்தேகப்படுகிற வலது பக்கத்துக்கு அதில் பதில் இருக்கலாம்.

ஒரு டீசல் காரும் மலிவாக வந்திருக்கிறது என்றாயே, அது டெல்லிப் பதிவா பார். டெல்லிப் பக்கம் பழைய டீசல் கார்களுக்குக் கட்டுப்பாடு வந்ததிலிருந்து அங்கே விலை சரிந்து கார்கள் தெற்கே வந்துவிடும். என்.ஓ.சி. என்கிற தடையில்லாச் சான்று, மறுபதிவு, இங்கே திரும்ப ரோடு டாக்ஸ் எல்லாம் கூட்டினால் மலிவு காணாமல் போகும். அதை விட்டுவிடு.

டயர் விஷயம். இந்தக் கார்களில் பெரும்பாலும் ரன்-ஃபிளாட் டயர். பஞ்சர் ஆனாலும் 80 கிலோமீட்டர் வேகத்துக்குள், ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தூரம் ஓட்டலாம். சென்னைக்குள் அது போதும். ராத்திரி உளுந்தூர்பேட்டையில் ஆனால் சேலமும் எட்டாது, சென்னையும் எட்டாது. விழுப்புரத்துக்குத்தான் திரும்ப வேண்டும், அங்கே அந்த சைஸ் டயர் இருக்குமா? டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி இருக்கிறதா என்று பார்.

வேளச்சேரியில் இருப்பவளுக்கு மழையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே ஜனங்கள் பாலத்தின் மேல் வரிசையாகக் காரை நிறுத்தினார்கள், நீயும் ஸ்விஃப்டை அங்கேதான் விட்டாய். எஞ்சினுக்குள் தண்ணீர் போனால் ஈடு தரும் எஞ்சின் புரொடெக்ட் இல்லாமல் பாலிசி எடுக்காதே. தண்ணீர் ஏறிய காரை ஒருமுறைகூட ஸ்டார்ட் செய்து பார்க்கக் கூடாது, மாப்பிள்ளையிடமும் சொல்லிவை.

நீட்டித்த வாரன்டி மிச்சம் இருக்கிறதா, உன் பேருக்கு மாறுமா என்பதை சர்வீஸ் சென்டரில் சேஸிஸ் நம்பரைக் கொடுத்துக் கேள். சர்வீஸ் ஹிஸ்டரியும் அங்கேயே கிடைக்கும். வாரன்டி இல்லாவிட்டால் வருஷத்துக்கு ஒன்றரை லட்சமாவது தனியாக எடுத்துவை. செலவாகாவிட்டால் லாபம். அந்தப் பணத்தை ஒதுக்கினால் வீட்டுக் கடன் தவணை இடிக்கும் என்றால், இரண்டு வருஷம் தள்ளிப் போடலாம்.

வெள்ளிக்கிழமை ராத்திரி சேரன் எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டிருக்கிறேன். சனிக்கிழமை காலையில் காரை வெயிலில் நிறுத்தச் சொல், ஷோரூம் வெளிச்சத்தில் பெயின்ட் வித்தியாசம் தெரியாது. லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கமும் பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவை. மறுத்தால் அந்தக் காரே வேண்டாம். அதுவரை டோக்கன் அட்வான்ஸ் என்று பத்தாயிரம்கூட அனுப்பிவிடாதே.

அம்மா தேங்காய்ப் பர்பி கொடுத்துவிடுகிறாள். கறுப்புக் கலர் வேண்டாம் என்றும் எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

அன்புடன்,
அப்பா