பனையோலைத் தொப்பிக்கு ஓர் அச்சு: பூம்புகார் நிறுவனத்தாருக்குத் திறந்த மடல்

தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகத்தாருக்கு வணக்கம்.

நான் தொப்பி செய்கிறவள். சாயல்குடிப் பக்கம் எங்கள் ஊர். பனையோலையில் நீளமாகப் பின்னல் போட்டு, அதை நடுவிலிருந்து சுருள் சுருளாகத் தைத்து, விளிம்பு வைத்த தொப்பி ஆக்குகிறேன். பின்னக் கற்றது அப்பத்தாவிடம். வெட்டும் அளவும் கற்றது சென்னையில் ஆடை வடிவமைப்புப் படித்தபோது. இந்தத் தொழிலுக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கத்தான் இந்த மடல்.

எங்கள் வீட்டில் குருத்தோலையை விரித்து வெயிலில் காயவைத்து, இரவில் பனிபடப் போட்டு எடுப்போம். அப்போதுதான் ஓலை பதமாகும். ஈர்க்கைக் கிழித்துப் போட்டுவிட்டு ஒரே அகலத்தில் வார வேண்டும். உச்சிவெயிலில் பின்னினால் ஓலை முறியும் என்பதால் அப்பத்தா விடியும் முன்பே திண்ணையில் உட்கார்ந்துவிடுவார், பக்கத்தில் ஈரத்துணியோடு. பெட்டி, கொட்டான், விசிறி, கிலுகிலுப்பை எல்லாம் செய்வார். திருவிழா வந்தால் பிள்ளைகளுக்குத் தொப்பியும் உண்டு. அது பெட்டியைக் கவிழ்த்த மாதிரி இருக்கும், ஆனால் பின்னலில் ஒரு பிசிறு இருக்காது. இன்று நான் அவுரி நீலத்தில் ஓலைக்குச் சாயம் ஏற்றுகிறேன், மதுரைச் சுங்குடியில் நாடா வைக்கிறேன், விளிம்பை ஒரு பக்கம் மடித்துவிடுகிறேன். பின்னல் மட்டும் அப்பத்தாவுடையதுதான். அதில் நான் கை வைக்கவில்லை.

தொப்பி தலையில் உட்கார வேண்டிய பொருள். நெற்றியைச் சுற்றி ஒருவருக்கு 55 செ.மீ., இன்னொருவருக்கு 59. ஒரு சென்டிமீட்டர் கூடினால் காற்றில் போய்விடும், குறைந்தால் நெற்றியில் தழும்பு விழும். அதனால்தான் தைத்து முடித்த தொப்பிக்கு நீராவி காட்டி, மர அச்சின் மேல் இழுத்து மாட்டி, கயிறு கட்டிக் காயவிடுகிறார்கள். அளவுக்கு ஓர் அச்சு, வடிவத்துக்கு ஓர் அச்சு. அச்சில் ஏறி இறங்கிய பிறகுதான் பின்னிய ஓலை தொப்பியாகிறது.

என்னிடம் அச்சு இல்லாத காலத்தில் ஒரு கடைக்கு அறுபது தொப்பி செய்து கொடுத்தேன். மண்பானையைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் வடிவம் எடுத்தோம். நாற்பதுக்கு மேல் திரும்பி வந்தன. பானை வட்டம், மனிதத் தலையோ நீள்வட்டம். பின்னலில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனாலும் என்னோடு உட்கார்ந்து பின்னிய அக்காமார் இருவருக்கு மூன்று மாதம் கழித்துத்தான் என்னால் கூலி கொடுக்க முடிந்தது. அவர்கள் மறுபடி ஓலையைத் தொடவில்லை. இன்றுவரை எனக்கு அது ஆறவில்லை.

பனாமா தொப்பியின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அது பனாமாவின் தொப்பியே அல்ல, ஈக்வடார் நாட்டுடையது. அங்கே டொக்கில்லா என்ற, பனை போலத் தோன்றும் ஒரு செடியின் நாரில் கிராமத்தார் பின்னுகிறார்கள். அந்தத் தொப்பிகள் பனாமா வழியாக விற்பனைக்குப் போயின. கலிபோர்னியாவுக்குத் தங்கம் தேடிப் போனவர்கள் வழியில் வாங்கி அணிந்தார்கள். 1906இல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் கால்வாய் வேலையைப் பார்க்க வந்தபோது அதை அணிந்திருந்தார். பெயர் பனாமாவுக்கே போய்விட்டது. 2012இல் யுனெஸ்கோ இந்தப் பின்னலை மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது. நுணுக்கத்தைப் பொறுத்து ஒரு தொப்பிக்கு ஒரு நாளும் ஆகலாம், எட்டு மாதமும் ஆகலாம். அவ்வளவு இருந்தும், பின்னுகிற பெண்ணின் கைக்கு வருவது கொஞ்சம்தான். வடிவம் பெறாத தொப்பியை வாங்கி, அச்சில் ஏற்றி, பட்டி தைத்து விற்கிறவர்களிடம்தான் விலை ஏறுகிறது. அச்சு யாரிடம் இருக்கிறதோ காசும் அவரிடம். பெயர் போனதைவிட எனக்கு இதுதான் பெரிய இழப்பாகப் படுகிறது.

நம்மிடம் ஓலைக்கும் கைக்கும் பஞ்சமில்லை. பனை நம் மாநில மரம். மணப்பாட்டுப் பெண்கள் ஓலைப் பொருள்களுக்குப் பேர்பெற்றவர்கள். செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. தொப்பி நமக்கு அந்நியம் என்று யாராவது சொன்னால், வெள்ளைக்காரர்கள் இந்த நாட்டு வெயிலுக்குப் போட்டுக்கொண்ட சோலா தொப்பி எதில் செய்யப்பட்டது என்று பாருங்கள். நம் குளத்திலும் முளைக்கிற நெட்டிதான். நெட்டி வேலைப்பாட்டைத் தஞ்சாவூரில் இன்றும் செய்கிறார்கள்.

சரி, கேட்க வந்ததைக் கேட்கிறேன். ராமநாதபுரம் அல்லது தூத்துக்குடிப் பக்கம் ஒரு பொதுப் பட்டறை வேண்டும். 54 முதல் 60 வரை எல்லா அளவிலும், குறைந்தது மூன்று வடிவங்களில் மர அச்சுகள், நீராவி அடுப்பு, விளிம்பு அழுத்தும் பலகை. பின்னுகிற பெண்கள் தங்கள் தொப்பியைத் தாங்களே முடித்து எடுத்துப் போக வேண்டும். பின்னல் பயிற்சி முகாமுக்காக நான் கேட்கவில்லை. முகாம் நடத்துகிறவர்களுக்கே கற்றுக்கொடுக்கும் அளவுக்கு எங்கள் ஊர்ப் பெண்களுக்குப் பின்னத் தெரியும்.

அச்சுக்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. தஞ்சாவூர் நெட்டியோடு 2020இல் புவிசார் குறியீடு பெற்ற அரும்பாவூர் மரச்சிற்பிகள் பெரம்பலூர் மாவட்டத்தில் இருக்கிறார்கள். சாமியின் கிரீடத்தை இம்மி பிசகாமல் செதுக்குகிறவர்களுக்கு ஒரு தலையின் நீள்வட்டம் கடினமா என்ன? மரம் ஊசியைத் தாங்க வேண்டும், நீராவியில் வெடிக்கக் கூடாது, ஓலையில் பிசின் இறக்கக் கூடாது. எந்த மரம் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அவர்களையும் எங்களையும் ஒரு நாள் ஒரே திண்ணையில் உட்காரவைத்தால் போதும்.

என்னிடம் இப்போது இருப்பது ஒரே ஓர் அச்சு. வெளிநாட்டில் யாரோ பயன்படுத்தி விற்றது, அளவு 57. அந்தத் தலைக்கு மட்டும்தான் என்னால் நம்பிக்கையோடு தொப்பி கொடுக்க முடிகிறது. மாதிரிக்கு அது உதவுமென்றால், நீங்கள் சொல்கிற நாளில் அரும்பாவூருக்கு நானே எடுத்து வருகிறேன். கூடவே, திரும்பி வந்த அந்தத் தொப்பிகளில் ஒன்றையும்.

இப்படிக்கு,
சாயல்குடியிலிருந்து ஒரு தொப்பித் தொழிலாளி