தகடு மெல்லியது என்பதால் எஸ்.ஆர். வேண்டாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடசென்னையின் சிறு வெல்டிங் பட்டறைகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரையில், அழுத்தக் கலன்களின் தகடு தடிமனாக இருந்தால் மட்டுமே வெல்டிங்குக்குப் பிந்தைய வெப்பப் பதப்படுத்தல், அதாவது வெல்டிங் செய்த எஃகை மறுபடி சூடாக்கி, சற்று நேரம் அப்படியே வைத்து, மெல்ல ஆறவிடும், பட்டறைகளில் எஸ்.ஆர். (ஸ்ட்ரெஸ் ரிலீவிங்) என்று சொல்லப்படும் வேலை, தேவை என்று எழுதப்பட்டிருந்தது. கலன் செய்வோர் பின்பற்றும் விதிநூலின் பொது விதியை மட்டும் பார்த்தால் அது தவறில்லை. ஆனால் மணலியிலும் எண்ணூரிலும் உள்ள ஆலைகளுக்குக் கலன் செய்து கொடுப்பவர்கள் அந்த வரியோடு நின்றுவிடக் கூடாது.

அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் (ஏ.எஸ்.எம்.இ.) விதிநூலில் அழுத்தக் கலன்களுக்கான எட்டாம் பிரிவு, சாதாரண கார்பன் எஃகில் 32 மி.மீ.க்கு மேற்பட்ட தடிமனுக்கு எஸ்.ஆர். கட்டாயம் என்கிறது, வெல்டிங்குக்கு முன் 95 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற்றினால் இந்த வரம்பு 38 மி.மீ. ஆகிறது. இவை குறைந்தபட்சத் தேவைகள் மட்டுமே. உள்ளே என்ன ஓடப்போகிறது என்பது வாங்குபவருக்குத்தான் தெரியும். நச்சுத்தன்மை மிகுந்த பொருள்களுக்கான கலன்களில், ஒருசில விலக்குகள் நீங்கலாக, தடிமன் பாராமல் எஸ்.ஆர். செய்யச் சொல்வதும் இதே விதிநூல்தான்.

1984 ஜூலை 23 அன்று அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், ரோமியோவில் அருகே ஒரு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் வாயுவிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு போன்றவற்றைப் பிரித்தெடுக்கும் அமீன் கரைசல் ஓடிய கோபுரம் வெடித்து 17 பேர் உயிரிழந்தனர். அதன் தகடு 25 மி.மீ.தான். 1974-இல் கோபுரத்தின் ஒரு வளையத்தை மாற்றி, ஆலையிலேயே வெல்டிங் செய்தபோது எஸ்.ஆர். செய்யப்படவில்லை, அந்தத் தடிமனுக்கு விதி அதைக் கட்டாயமாக்கவும் இல்லை. வெல்டிங்கை ஒட்டிக் கடினப்பட்டிருந்த எஃகில் ஹைட்ரஜனால் விரிசல் தொடங்கி வளர்ந்திருந்தது விசாரணையில் தெரியவந்தது.

எஸ்.ஆர். செய்யும் இடங்களிலும் வெப்பநிலையைப் பற்றி ஒரு குழப்பம் நிலவுகிறது. கார்பன் எஃகுக்கு விதி சொல்லும் குறைந்தபட்சமான 595 டிகிரி, எஃகின் வெப்பநிலையே தவிர உலைக்குள் இருக்கும் காற்றின் வெப்பநிலை அன்று. ஆகவே தெர்மோகப்பிளை (வெப்பநிலை அளக்கும் கம்பியை) கலனின் மேலேயே பொருத்த வேண்டும். அந்தச் சூட்டில் நிறுத்தி வைத்திருக்கும் நேரத்தில் மிகச் சூடான இடத்துக்கும் மிகக் குறைந்த இடத்துக்கும் உள்ள வேறுபாடு 83 டிகிரியைத் தாண்டக் கூடாது. இடத்துக்கு இடம் சற்றேனும் வேறுபாடு இருக்கும் என்பதால், வெப்பநிலையைப் பதிவுசெய்யும் சார்ட்டில் எல்லாக் கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்றாக அழகாகப் படிந்திருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். மேலும், 595-க்குப் பதில் சுமார் 540 டிகிரியில் நான்கு மணி நேரம் வைக்கவும் விதி இடம் தருகிறது. எரிபொருள் மிச்சம் என்று இதை விரும்புவோர் உண்டு. கடினத்தைத் தணிப்பதே நோக்கமாக உள்ள அமீன் போன்ற பணிகளுக்கு இந்தச் சலுகையைப் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது.

எனவே, கலனில் ஓடப்போகும் பொருளையும் எஸ்.ஆர். தேவையா என்பதையும் வாங்கும் நிறுவனங்கள் வரைபடத்திலேயே எழுதித் தர வேண்டும். எழுதாவிட்டால் பட்டறைக்காரர் கேட்க வேண்டும். கேட்டால் ஆர்டர் கைநழுவிப் போகுமோ என்ற அவர்களின் அச்சம் புரிகிறது. ஆனால் எஸ்.ஆர்., கலனில் நீரை நிரப்பி அழுத்தம் ஏற்றிச் சோதிக்கும் ஹைட்ரோ டெஸ்டுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டியது. டெஸ்ட் முடிந்த பிறகு அதைச் செய்யச் சொன்னால் மறுபடியும் டெஸ்ட் செய்ய வேண்டிவரும், அந்தச் செலவும் பெரும்பாலும் அவர்கள் தலையில்தான் விழும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வெல்டிங் ஆய்வாளர்,
திருவொற்றியூர்