எலுமிச்சம்பழத்தை நம்பிய ஆய்வகம்

மலைப்பள்ளி ஆய்வகங்களுக்குப் பொருள் வாங்கித் தரும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

எங்கள் பள்ளி ஆய்வகத்தில் என்ன இல்லை என்பது உங்கள் கோப்பிலேயே இருக்கும். பெற்றோர் சார்பில் மூன்று முறை எழுதிக் கொடுத்தாயிற்று. எனவே போன வாரம் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

உமிழ்நீரிலுள்ள அமைலேஸை, அதாவது மாவுச்சத்தைச் செரிக்கும் நொதியை, அமிலம் என்ன செய்கிறது என்று பார்க்கும் செய்முறை வகுப்பு. பி.எச். அளவை (7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம்) மாறாமல் வைக்கும் பஃபர் கரைசல் இல்லை. அமிலம் தீர்ந்து மாதங்கள் ஆகின்றன. பி.எச். தாள் மூடுபனியில் நமத்துவிட்டது. டீச்சர், பாவம், எலுமிச்சையைப் பிழிந்திருக்கிறார். கஞ்சித்தண்ணீர், உமிழ்நீர், அப்புறம் அயோடின். மாவுச்சத்து மிச்சமிருந்தால் அயோடின் நீலமாகும். நீலம் வரவில்லை. 'அமிலத்தில்தான் அமைலேஸ் நன்றாக வேலை செய்கிறது' என்று 38 பிள்ளைகள் ரெக்கார்டு நோட்டில் எழுதிவிட்டார்கள். என் மகளும்தான்.

நானும் விலங்கியல் படித்தவள். அன்றிரவு அடுப்படியில், உமிழ்நீரே சேர்க்காமல், கஞ்சித்தண்ணீரில் காயத்துக்குப் போடும் அயோடின் மருந்தை விட்டேன். கருநீலம். எலுமிச்சை பிழிந்ததும் நீலம் போய்விட்டது. வைட்டமின் சி அயோடினின் நிறத்தையே எடுத்துவிடும். மாவுச்சத்து செரிக்காமல் அப்படியேதான் கிடக்கிறது. அமைலேஸுக்கு ஏற்றது 7-ஐ ஒட்டிய பி.எச்.; இரைப்பையின் 2-இல் அது செயலிழக்கும். அங்கே வேலை, புரதத்தைச் செரிக்கும் பெப்சினுக்கு. முன்சிறுகுடலில் கணையத்தின் பைகார்பனேட் அமிலத்தை அடக்கியதும் பெப்சினும் ஓய்ந்துவிடும். 8-ஐ ஒட்டி அந்தப் புரத வேலையை டிரிப்சின் எடுத்துக்கொள்ளும்.

எல்லாம் கேட்டுவிட்டு மகள், "அப்போ டீச்சர் பொய் சொன்னாங்களாம்மா?" என்றாள். அதற்கு என்ன பதில் சொல்வது என்று நீங்களே சொல்லுங்கள்.

வகுப்புக்குப் பெரிய திரை வந்திருக்கிறது, நன்றி. அதில் இரைப்பை வண்ணவண்ணமாகச் சுருங்கி விரிகிறது. ஆனால் ஒரு குப்பி பஃபர் மட்டும் மேட்டுப்பாளையம் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவில் தலைசுற்றி இறங்கிவிடுகிறது போலும். கீழே போகும் கேரட்டுக்கும் தேயிலைக்கும் அந்தத் தலைசுற்றல் வந்ததே இல்லை. ரோடு, பஸ், ஆஸ்பத்திரி என்று ஆரம்பித்தால்... சரி, அது வேறு கதை. மன்னிக்கவும்.

கேட்பது பஃபர் கரைசலும் பி.எச். தாளும்தான். 2, 7, 8 என மூன்று பஃபர் போதும். தாள் ஈரம் புகாத டப்பாவில் வரட்டும். செய்முறைத் தேர்வுக்கு முன்பே அனுப்பிவைக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அந்த வகுப்பை மறுபடி நடத்த டீச்சர் தயாராக இருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் அம்மா,
கோத்தகிரி