ஐம்பது ரூபாய்

பால்டிமோர்,
15.3.2020, ஞாயிறு

மாப்ளே,

கடிதமா என்று மூக்குக் கண்ணாடியைத் தேடியிருப்பாய். கடிதம்தான். தினமும் காலை ஐந்தரைக்கு நீ வாட்ஸாப்பில் அனுப்பும் தாமரைப் பூவுக்குக் கட்டைவிரலைக் காட்டியே ஆறேழு வருஷத்தை ஓட்டிவிட்டேன். இதைப் போனில் சொல்லலாம் என்று இரண்டு தரம் எண்ணை அழுத்திவிட்டு வைத்துவிட்டேன். நீ குறுக்கே பாய்வாய், நான் கத்துவேன், தங்கச்சி வந்து போனைப் பிடுங்கிக்கொண்டு குழந்தைகள் நலமா என்று கேட்பாள். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது, பார்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். கொரோனாவால் நாளையிலிருந்து பள்ளிக்கூடம் இரண்டு வாரம் கிடையாது. கடைகளில் அரிசி தீருவதற்கு முன்னால் கழிப்பறைக் காகிதம் தீர்ந்துவிட்டது, என்ன ஜனங்களோ. என் சர்க்கரை அப்படியேதான் இருக்கிறது. தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் ஆனதை வாத்தியார் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நீ ஏன் சொல்லவில்லை என்ற சண்டையைத் தனியாக வைத்துக்கொள்வோம்.

விஷயம் இதுதான். ரகசிய ஆவணங்களை வெளியிடுகிற விக்கிலீக்ஸ் தளத்துக்கு அமெரிக்க ராணுவக் கோப்புகளைக் கொடுத்த சிப்பாய் செல்சி மேனிங்கை வியாழக்கிழமை சிறையிலிருந்து விட்டுவிட்டார்கள்.

"அந்த துரோகியா" என்று நீ சொல்வது இங்கே கேட்கிறது. 2013 ஆவணியில் அக்கா மகள் கல்யாணப் பந்தியில் நீ சொன்ன அதே வார்த்தை. அப்போதுதான் 35 வருஷம் என்று தண்டனைச் செய்தி வந்திருந்தது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். நீயும் ரசம் சாதத்தை முடித்துவிட்டு எழுந்திருக்கலாம். இலையை அப்படியே மடித்துவிட்டுப் போனாய். வீடியோக்காரர் அதையும் எடுத்து வைத்திருக்கிறார். அக்கா இன்னும் வருகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டுகிறாள்.

அந்தத் தண்டனையை 2017 ஜனவரியில் ஒபாமா குறைத்தார், மே மாதம் வெளியே வந்துவிட்டார் என்பது வரைக்கும் உனக்குத் தெரிந்திருக்கும். போன வருஷம் மார்ச்சில் மறுபடியும் உள்ளே போட்டார்கள். குற்றம் எதற்காகவும் இல்லை. விக்கிலீக்ஸ் சம்பந்தமாக விசாரிக்கும் ஜூரி முன்னால் வந்து சாட்சி சொல் என்றார்கள். எனக்குத் தெரிந்ததையெல்லாம் ராணுவ கோர்ட்டிலேயே சொல்லிவிட்டேன், மூடிய அறையில் பேச மாட்டேன் என்று இவர் மறுத்துவிட்டார். அதற்காகச் சிறை. அது போதாதென்று அபராதம், முதலில் நாளொன்றுக்கு 500 டாலர், அப்புறம் 1,000. டாக்ஸி மீட்டர் மாதிரி ஓடியது. கடைசி நாட்களில் சிறையிலேயே உயிரை விடப் பார்த்திருக்கிறார். அதற்கு மறுநாள், ஜூரியின் வேலை முடிந்துவிட்டது, இனி இவர் தேவையில்லை என்று நீதிபதி விட்டுவிட்டார். அபராதத்தை மட்டும் விடவில்லை. மீட்டரில் நின்ற தொகை 2,56,000 டாலர்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது. யாரோ ஒரு தோழி இணையத்தில் உண்டியல் வைத்தார். இரண்டே நாள் மாப்ளே! முழுத் தொகையும் வந்துவிட்டது, மேலேயும் வந்தது. ஊரே கை கழுவிக்கொண்டு, வேலை இருக்குமா இருக்காதா என்று பயந்துகொண்டிருக்கிற வாரத்தில், ஆயிரக்கணக்கான பேர் பத்தும் இருபதுமாகப் போட்டிருக்கிறார்கள். நானும் 100 டாலர் போட்டேன். என் பெயரிலேயே.

அந்தக் கடைசி வரியை எழுதத்தான் பேனாவை எடுத்தேன். உன்னிடம் சொல்லாத கதை ஒன்று பாக்கி இருக்கிறது.

மேனிங்கைப் பிடித்தது 2010 மே மாதம், பாக்தாத் பக்கத்து முகாமில். அப்போது பிராட்லி என்று பெயர், வயது 22. (நீ அவன் அவள் என்று குழம்ப வேண்டாம். தமிழில் அவர் என்று ஒன்று இருக்கிறது, தொல்லை விட்டது.) உன்னை மாதிரி துப்பாக்கி தூக்கியவர் இல்லை, கணினி முன்னால் உட்கார்ந்து உளவுத் தகவலைப் பிரிக்கிற வேலை. லேடி காகா பாட்டுக் கேட்கிற மாதிரி உதட்டை அசைத்துக்கொண்டே குறுந்தகட்டில் கோப்புகளை ஏற்றியிருக்கிறார். அதில் ஒன்றான, பாக்தாத்தில் அமெரிக்க ஹெலிகாப்டர் ஆட்களைச் சுட்ட வீடியோவை நீயும் பார்த்தாய். 2007 ஜூலை 12, ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்து ஆட்கள் இரண்டு பேர் செத்தது, அடிபட்டவரைத் தூக்க வந்த வேன், அதற்குள் இரண்டு பிள்ளைகள். ராய்ட்டர்ஸ் சட்டப்படி கேட்டும் ராணுவம் கொடுக்காத வீடியோ அது. பார்த்த அன்றைக்கு நீயும் ஒன்றும் பேசவில்லை, நினைவிருக்கிறதா?

பிடித்த பிறகு குவான்டிகோ என்ற ஊரில், மரைன் சிறையில் வைத்தார்கள். நாளில் 23 மணி நேரம் தனியறை. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் காவலர் வந்து "நன்றாக இருக்கிறாயா" என்று கேட்பார், பதில் சொல்ல வேண்டும். 2011 மார்ச்சில் ராத்திரி துணியையும் பிடுங்கிக்கொண்டார்கள். இதை முட்டாள்தனம் என்று வெளியுறவுத் துறையின் பேச்சாளரே சொல்லி, அதனால் அவர் வேலையை விட வேண்டி வந்தது. உங்கள் ராணுவ லாக்கப், அந்தக் குவார்ட்டர் கார்டில்கூட இப்படிச் செய்வீர்களா? சத்தியமாகக் கேட்கிறேன்.

அமெரிக்க ராணுவத்தில் கோர்ட் மார்ஷல், அதாவது ராணுவ கோர்ட் விசாரணை, என்றால் இலவசமாக ஒரு ராணுவ வக்கீல் கிடைப்பார். வெளியிலிருந்து வக்கீல் வேண்டுமானால் சொந்தக் காசு. சிப்பாய்க்கு ஏது காசு? டேவிட் கூம்ஸ் என்று ராணுவத்திலேயே வக்கீலாக இருந்தவர் வந்தார். கட்டணம் ஒரு லட்சம் டாலர் வாக்கில். ஓக்லாந்தில் 'கரேஜ் டு ரெசிஸ்ட்' என்ற சின்ன அமைப்பு வசூலை ஏற்றுக்கொண்டது. அதை நடத்துகிற ஜெஃப் பேட்டர்சன் முன்னாள் மரைன், 1990இல் வளைகுடாவுக்குப் போக மாட்டேன் என்று விமானமேற மறுத்தவர். விக்கிலீக்ஸ்காரர்கள் 50,000 டாலர் தருகிறோம் என்று முதலில் ஊரெல்லாம் சொன்னார்கள். மாதக் கணக்கில் வரவில்லை. 2011 ஜனவரியில் வந்தது 15,100. உன் மாமனார் மொய் நோட்டு ஞாபகம் வந்து நான் தனியாகச் சிரித்தேன். பிப்ரவரியில், இணையத்தில் பணம் அனுப்ப உதவும் பேபால் நிறுவனம் அந்த அமைப்பின் கணக்கை முடக்கிவிட்டது. ஆயிரக்கணக்கில் கையெழுத்துப் போட்டு ஜனங்கள் கத்திய பிறகுதான் திறந்தது.

அந்த நேரத்தில்தான் எனக்குச் சூடு ஏறியது. சனிக்கிழமை சீட்டுக் கச்சேரியில் காலி ப்ரூ டப்பாவை நடுவில் வைத்து, "ஆளுக்குக் கொஞ்சம் போடுங்கடா" என்றேன். எட்டுப் பேர் இருந்தோம். உனக்கு இந்த இடத்தின் புவியியல் தெரியாது. என் வீட்டிலிருந்து அரை மணி ஓட்டினால் ஃபோர்ட் மீட் ராணுவ முகாம். அமெரிக்காவின் ஒட்டுக் கேட்கிற இலாகா மொத்தமும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. இந்தப் பக்கத்தில் கணினி வேலை செய்கிறவன் யாரைக் கேட்டாலும் நாலு கை தள்ளி அங்கே ஏதாவது ஒரு தொடர்பு இருக்கும். டப்பாவைப் பார்த்ததும் ஒருத்தன் எழுந்து பாத்ரூம் போனான், ஆட்டம் முடிகிறவரை வரவில்லை. ஒருத்தன், "உனக்குப் பச்சை அட்டை வேண்டாமா?" என்றான். வேண்டும்தான். என் மனு அப்போது பாதி வழியில் நின்றுகொண்டிருந்தது. கடைசியில் விழுந்தது 85 டாலர், எல்லாம் ரொக்கம், எல்லாம் நாலாக மடித்தது. காசோலை தர ஒருத்தனும் தயாராக இல்லை. நானும்தான். பக்கத்து ஊர்த் தபாலாபீசுக்குப் போய் மணியார்டர் வாங்கினேன். அனுப்புநர் என்ற இடத்தில் 'ஒரு நண்பன்' என்று எழுதினேன், அதையும் இடது கையால். சிரி, சிரித்துக்கொள். கையெழுத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்களாம்!

அந்த வருஷம் டிசம்பரில் முதல் விசாரணையை ஃபோர்ட் மீடிலேயே வைத்தார்கள். 17ஆம் தேதி சனிக்கிழமை, அவருக்கு 24 வயது முடிகிற நாள். வாசலில் கூட்டம் நின்றது. ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். கூட்டத்துக்குப் பக்கத்தில் வண்டியை மெதுவாக்கினேன். அட்டை பிடித்திருந்த ஒரு கிழவி, நான் நிறுத்தப் போகிறேன் என்று நினைத்துக் கையைக் காட்டினாள். நிறுத்தவில்லை. நேரே போய்க் கடையில் பால் வாங்கிக்கொண்டு திரும்பினேன். வீட்டில் ஏற்கெனவே இரண்டு கேன் பால் இருந்தது. கல்யாணப் பந்தியில் உன்னிடம் அவ்வளவு வீரமாகப் பேசினேனே, அந்தச் சத்தமெல்லாம் இந்தப் பாலிலிருந்து வந்ததுதான்.

சரி, உன் பக்கத்துக்கு வருகிறேன். இரண்டரை லட்சம் தூதரகத் தந்திகளை ஒருத்தர் படித்துப் பார்த்துவிட்டுக் கொடுத்திருக்க முடியாது என்றாய். அது நியாயம், அன்றைக்கே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். காட்டிக் கொடுக்கப்பட்டவன் உயிர் என்னாகும் என்றாய். தண்டனை விசாரணையில் அதைத் தேடிப் பார்த்த ராணுவ ஜெனரலே வந்து, இதனால் கொல்லப்பட்டவர் என்று ஒருவரைக் காட்ட முடியவில்லை என்று சொன்னார். இருந்தாலும் உன் கோபம் புரிகிறது. நீ எல்லையில் நின்றவன், நான் ஏ.சி. அறையில் உட்கார்ந்தவன். அவர் செய்தது முழுக்கச் சரி என்று நான் இப்போதும் சொல்ல மாட்டேன்.

ஆனால் எதிரிக்கு உதவினார் என்றும் ஒரு குற்றச்சாட்டு வைத்தார்களே, ஆயுள் முழுக்க உள்ளே வைக்கக்கூடியது, அது நிற்கவில்லை. அதை உடைத்தது நாலாக மடித்த அந்த நோட்டுகள் சேர்ந்து பிடித்த வக்கீல். குவான்டிகோவில் வைத்திருந்த விதம் சட்டப்படி தப்பு என்று 112 நாளைத் தண்டனையில் கழிக்கச் செய்ததும் அவர்தான். 35 வருஷத்தில் 112 நாள் என்றால் கொசுறுதான். ஆனால் தப்பு என்று ஒரு ராணுவ நீதிபதி வாயால் வந்தது பார்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். உன் யூனிட்டில் ஸ்டோரில் இருந்த அந்தப் பீகார்ப் பையன், கே-ஆயில், அதான் மண்ணெண்ணெய், விற்றான் என்று மாட்டினானே. அவனை உனக்குப் பிடிக்காது, சாப்பாட்டு லங்கரில் உன்னோடு அடிதடியே நடந்திருக்கிறது. பாரக்கில் ஆளுக்கு ஐம்பது போட்டு டவுனிலிருந்து வக்கீல் கூட்டி வந்தீர்கள். அப்போது உன் சம்பளத்தில் ஐம்பது சின்னக் காசு இல்லை. லீவில் வந்தபோது, கோட்டை அகழிச் சுவரில் உட்கார்ந்து, ஏண்டா போட்டாய் என்று கேட்டேன். "எடுத்தானோ இல்லையோ, பெரிய சாப் முன்னாடி தனியா நிக்கக் கூடாதுடா" என்றாய். கோர்ட் மார்ஷலில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு 'நண்பர்' என்றே ஒரு ஆள் கூட உட்காரலாம் என்று விதி இருக்கிறது என்பதையும் அன்றைக்கு நீதான் சொன்னாய். மணியார்டரில் 'ஒரு நண்பன்' என்று எழுதும்போது எனக்கு வேறு எதுவும் தோன்றாமல் அது ஏன் தோன்றியது என்று நினைக்கிறாய்?

மண்ணெண்ணெயும் தேச ரகசியமும் ஒன்றா என்று இப்போது பல்லைக் கடிப்பாய். ஒன்றில்லைதான். நீ எழுதி அனுப்பு, பதில் சொல்கிறேன். தாமரையை மட்டும் அனுப்பாதே.

அந்தப் பையன் அப்புறம் என்ன ஆனான்? விடுதலை ஆனானா, வீட்டுக்கு அனுப்பினார்களா? நீ சொன்ன மாதிரியும் இருக்கிறது, சொல்லாத மாதிரியும் இருக்கிறது.

விமானமெல்லாம் நின்றுவிடும் என்கிறார்கள், சித்திரைக்கு வர முடியும் என்று தோன்றவில்லை. மாத்திரையை விடாதே. குள்ளனைப் பார்த்தால் முட்டை பரோட்டா சத்தியம் இன்னும் செல்லும் என்று சொல். இதைத் தங்கச்சியிடம் படித்துக் காட்டு, பால் வாங்கின இடத்தை மட்டும் விட்டுவிடு.

உன்
பங்காளி