கூத்துத் திடல் கூரைக்கும் தங்கு கலைஞர் நிகழ்வுக்கும் நன்கொடை வேண்டுகோள்

திரௌபதி அம்மன் துணை

ஊர்ப் பெரியோர்களுக்கும் வெளியூரில் வாழும் நம் பிள்ளைகளுக்கும் குழுவினரின் வணக்கம்.

நம் ஊரில் தங்கிப் புதிய ஆட்டங்களை உருவாக்கிவரும் கலைஞர்கள் ஆறு பேர், இன்னும் முற்றுப்பெறாத தங்கள் படைப்புகளை வருகிற தை இரண்டாம் சனிக்கிழமை இரவு நம் முன் ஆடிக்காட்ட இருக்கிறார்கள். ஆனால், ஆடிக் காற்றில் பிய்ந்துபோன திடல் கூரை இன்னும் போடப்படவில்லை. கார்த்திகை தீபத்திற்குள் முன்பணம் கட்டினால்தான் பொங்கலுக்கு முன் தகடு வேலை முடியும் என்று பட்டறைக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

செய்யாறு வட்டாரத்தாருக்குக் கூத்தின் பெருமையைப் பிறர் வந்து சொல்ல வேண்டியதில்லை. அம்மன் கோயிலில் பாரதத் திருவிழா வைத்தால் பகலில் பிரசங்கமும் இரவில் கூத்துமாக, திரௌபதியை மணக்க அர்ச்சுனன் வில் வளைப்பது முதல் துரியோதனன் வீழும் படுகளம் வரை கண்விழித்துக் கேட்டவர்கள் நம் முன்னோர். 1977இல் சென்னையில் நாடகாசிரியர் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை என்ற நவீன நாடகக் குழுவின் நடிகர்களுக்குக் கூத்து கற்பித்தவர் நம் வட்டாரத்துப் புரிசை கண்ணப்பத் தம்பிரான்தான். பட்டணத்து நவீன நாடகம் தேடிவந்து கற்றுக்கொண்ட மண் இது.

முடியாத ஆட்டத்தை ஏன் காட்ட வேண்டும், ஒத்திகை பார்க்கவா காசு கொடுப்பது என்று பெரியவர்கள் சிலர் கேட்கிறார்கள். கூத்தில் ராஜா வேடம் இருவர் பிடிக்கும் திரைக்குப் பின்னிருந்துதான் சபைக்கு வரும். சென்ற ஆண்டு ஓர் இளைஞர் துரியோதனனைத் திரையில்லாமல், கிரீடமும் தோளில் கட்டும் புஜக்கட்டையும் இல்லாமல் நேரே சபைக்குள் நடந்துவரச் செய்தார். திரை பிடிக்காமல் வருபவன் ராஜாவா என்று முன்வரிசைப் பாட்டிமார்கள் அங்கேயே கேட்டுவிட்டார்கள். அவர் மறுக்கவில்லை, மறுநாளே இரண்டு சிறுவர்களைத் திரை பிடிக்கச் சொல்லி, அந்தத் திரை கடைசிவரை விலகாமலே நிற்கும்படி காட்சியை மாற்றினார். கூத்தறிந்த ஊர் பார்த்துச் சொன்னால்தான் இப்படி நடக்கும். முடிந்துபோன நாடகத்தில் நாம் கைதட்ட மட்டுமே முடியும்.

செலவு: கூரைத் தகடும் வேலையும் ரூ.1,40,000. ஆறு பேருக்கு நாற்பது நாள் சாப்பாடு ரூ.60,000. முகவீணை, மிருதங்கம், ஆர்மோனியக் கலைஞர்களின் சம்பளம் ரூ.60,000. ஒலி, ஒளி வாடகை ரூ.45,000. போக்குவரத்து ரூ.35,000. மொத்தம் ரூ.3,40,000. இதுவரை வந்தது ரூ.2,05,000. குறைவது ரூ.1,35,000.

வந்த தொகைக்கு உரியவர்களை எவ்வளவு வாழ்த்தினாலும் தகும். அறுவடை முடிந்த கையோடு ஆளுக்கொரு மூட்டை அரிசி இறக்கிய கீழத்தெரு விவசாயிகள், தறிக்கூலியில் மிச்சம்பிடித்துக் கொடுத்த நெசவாளர்கள், இரவுச் சமையலைக் கூலியின்றி ஏற்ற மகளிர் குழுத் தாய்மார்கள், பெங்களூரில் கட்டட வேலை செய்துகொண்டே மாதாமாதம் ஐந்நூறு ரூபாய் அனுப்பும் பிள்ளைகள் அனைவருக்கும் அம்மன் குறைவைக்க மாட்டாள்.

சொந்த வீடும் கடையும் உள்ள சிலரின் பெயர் மட்டும் நோட்டில் இன்னும் ஏறவில்லை. திருவிழா வாணவேடிக்கைக்கு ஒரே இரவில் பணம் திரட்டிய ஊர், நம்மை நம்பி வந்து தங்கியிருப்பவர்களை மழையில் ஆடவிட்டால் அக்கம்பக்கத்து ஊரார் சும்மா இருக்க மாட்டார்கள். இயன்றதைத் தாருங்கள்; பணம் இல்லாதவர்கள் இரண்டு நாள் கூரை வேலைக்குக் கை கொடுத்தாலும் போதும்.

கோயில் மண்டபத்தில் தினமும் மாலை ஆறு முதல் எட்டு மணிவரை ரசீது தரப்படும். வரவு செலவுக் கணக்கு நிகழ்ச்சி அன்றே திடலில் வாசிக்கப்படும்.

இங்ஙனம்,
கூத்துத் திடல் குழுவினர்